அழைப்பு வந்த வீட்டில்

கேமரன் மலையின் தேயிலைக் கதை நம்மவர்களுக்கு மனப்பாடம். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியைப் பற்றி எழுதிவைத்தார். அதன் பிறகும் நாற்பது ஆண்டுகள் காடு காடாகவே கிடந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணையாக இருந்தார். சரிவுகளை வெட்டித் திருத்திக் கன்று ஊன்றியவர்களும் கொழுந்து பறித்தவர்களும் தமிழர்கள். லயத்தில் பிள்ளை பெற்று, அங்கேயே கண்ணை மூடியவர்களும் அவர்கள்தான்.

அதே மலையில் நாம் அதிகம் பேசாத இன்னொரு கதையும் உண்டு. 1952இல் சைனா இன்லேண்ட் மிஷன் இங்கே சிறுவர்களுக்கு ஓர் உறைவிடப் பள்ளி நடத்த வந்தது. சீஃபூ பள்ளி என்று பெயர். படித்தவர்கள் மிஷனரிகளின் பிள்ளைகள். ஆறு வயதில் வந்து சேர்வார்கள். அப்பாவும் அம்மாவும் தாய்லாந்தின் ஏதோ ஒரு நெல்வயல் கிராமத்திலோ, இந்தோனேசியாவிலோ, மலாயாவின் புதுக்கிராமம் ஒன்றிலோ ஊழியம் செய்துகொண்டிருப்பார்கள். விடுமுறைக்குத்தான் வீடு. பன்னிரண்டு வயதை நெருங்கும்போது ஆரம்பப் பள்ளி முடியும். பிறகு பலருக்குச் சொந்த நாட்டில், இன்னும் தொலைவில், இன்னொரு விடுதி. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நடந்து, 2001இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது.

ஒரு சரிவில் கடல் கடந்து வந்து திரும்பிப் போக முடியாமல் தங்கிவிட்ட குடும்பங்கள். இன்னொரு சரிவில் கடல் கடந்து போனவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகள். இரண்டையும் சேர்த்துப் பேசுவது நியாயமா என்று சிலர் கேட்கலாம். கூலிக் குடும்பத்தைக் கப்பல் ஏற்றியது வறுமை, மிஷனரிக் குடும்பத்தை ஏற்றியது விசுவாசம். உண்மைதான். ஆனால் இரவில் அம்மாவைத் தேடுகிற ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் சபையில் ஒரு குடும்பம் வடதாய்லாந்துக்கு ஊழியத்துக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருக்கிறது. மனைவி கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மா அங்கே கொழுந்து பறித்தவர். அப்பா தோட்டத்து லாரி ஓட்டியவர், இப்போது இல்லை. கணவர் ஈப்போக்காரர், கணக்காளர் வேலையை விட்டுவிட்டார். ஒன்பது வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன். பெயர்களை எழுதப்போவதில்லை.

ஒரு குடும்பம் ஊழியத்துக்குத் தயாராவது என்றால் என்ன என்பதை இத்தனை அருகில் இருந்து இப்போதுதான் பார்க்கிறேன். மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி, விசா, மொழிப் பயிற்சி. ஞாயிறுதோறும் ஒவ்வொரு சபையாகப் போய்ச் சாட்சி சொல்லி ஆதரவு கேட்பது. காரை விற்றாயிற்று. வீட்டை வாடகைக்கு விட ஆள் பார்த்தாயிற்று. மாதாமாதம் ஈபிஎஃப்பில் விழுந்துகொண்டிருந்த பணம் நின்றுவிட்டது. நாற்பதை நெருங்கும் மனிதருக்கு அது சின்ன விஷயமில்லை. எதற்கும் அவர்கள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. இரவு எத்தனை மணியானாலும் குடும்ப ஜெபம் நடக்கும். ஒரு பாட்டு, வேதவாசிப்பு, பிறகு ஆளுக்கொரு ஜெபம்.

அப்படியொரு ஜெபத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். மகளின் முறை வந்தது. பெரியவர்கள் ஜெபிக்கிற வரிசையிலேயே ஜெபித்தாள். தாய்லாந்து ஜனங்களுக்காக, அப்பாவின் மொழிப் படிப்புக்காக, விசாவுக்காக. முடிக்கிற இடத்தில் முடிக்காமல் இதைச் சேர்த்துக்கொண்டாள்: "ஆண்டவரே, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அழைப்பு வந்துடுச்சு. எனக்கு இன்னும் வரலை. எனக்கும் சீக்கிரம் சொல்லுங்க, ஆமென்." எல்லோரும் ஆமென் சொன்னோம். யாரும் சிரிக்கவில்லை. தம்பி மட்டும் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தான்.

சபையில் இதற்கு ஆயத்தமான பதில் ஒன்று இருக்கிறது. கர்த்தர் தகப்பனை அழைத்தால் குடும்பத்தையே அழைத்ததாக அர்த்தம் என்போம். நானும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் ஜெபத்துக்குப் பிறகு அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பெரியவர்களுக்கு அழைப்பு பல மாதப் போராட்டத்துக்குப் பின் வருகிறது. உபவாசம் இருக்கிறார்கள், போதகரிடம் பேசுகிறார்கள், மறுக்கிறார்கள், பிறகு ஒப்புக்கொடுக்கிறார்கள். பிள்ளைக்கு அந்தப் போராட்டத்தின் முடிவு மட்டும் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அறிவிக்கப்படுகிறது. பெற்றோருக்குக் கிடைத்த மறுக்கும் உரிமை அதற்குக் கிடைப்பதில்லை.

மிஷன் வரலாற்றைப் புரட்டினால் இந்த இடம் ஆரம்பத்திலிருந்தே வலித்துக்கொண்டிருப்பது தெரியும். சைனா இன்லேண்ட் மிஷனை 1865இல் நிறுவிய ஹட்சன் டெய்லர், அடுத்த ஆண்டு மே 26இல் லாமர்முயர் கப்பலில் சீனத்துக்குப் புறப்பட்டபோது நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போனார். அடுத்த ஆண்டே மூத்த மகள் கிரேஸ் மூளைக்காய்ச்சலில் இறந்தாள். எட்டு வயது. 1870இல், வளர்ந்த பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவதென்று பெற்றோர் முடிவு செய்தார்கள். அனுப்புவதற்கு முன்பே பிப்ரவரியில் ஐந்து வயது சாமுவேல் இறந்துபோனான். மற்ற மூவரையும் மார்ச்சில் கப்பலேற்றினார்கள். ஜூலையில் தாய் மரியா இறந்தார். சில மாதங்களுக்குள் ஒரு வீட்டில் இத்தனையும் நடந்தது. ஊழியத்துக்கு மாதச் சம்பளம் நிச்சயமில்லை, மனிதரிடம் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்று சங்கத்துக்குக் கொள்கை வகுத்தவர் டெய்லர். பணத்தில் கர்த்தரை நம்பும் விசுவாசத்துக்கு அவரை உதாரணம் காட்டி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டுவிட்டேன். 1870ஐப் பற்றி ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை.

1881இல் சீனத்தின் ஷாண்டோங் கடற்கரையில், இன்று யன்டாய் என்று அழைக்கப்படும் சீஃபூவில், அந்தப் பள்ளி முதன்முதலில் தொடங்கியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அது கல் நெஞ்சுக்காரர்களின் ஏற்பாடு கிடையாது. பிள்ளைகளைப் பல ஆண்டுகளுக்கு இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவதற்குப் பதிலாக, அதே நாட்டில், விடுமுறைக்காவது பெற்றோரிடம் வந்துபோகிற தூரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்ற அன்பில் பிறந்த வழி. நம் கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் 1901இல் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஹைகிளர்க் பள்ளியும் அதே மாதிரிதான். குளிர்ந்த மலை, நல்ல காற்று, நோய் குறைவு, நம்பகமான ஆசிரியர்கள். பெற்றோர் கீழே வெயிலில்.

அன்பில் பிறந்த வழியையும் சரித்திரம் மறித்தது. ஜப்பானியர் சீஃபூ பள்ளியைக் கைப்பற்றி, 1943இல் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் வெய்சியன் சிறைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு பேர் அடைபட்டிருந்த இடம். அங்கே ஹட்சன் டெய்லரின் கொள்ளுப்பேத்தி மேரியும் உடன்பிறந்த மூவரும் இருந்தார்கள். அவர்கள் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பெற்றோரைப் பார்க்கவில்லை. 1945 ஆகஸ்ட் 17இல் அமெரிக்க வீரர்கள் பாராசூட்டில் இறங்கி முகாமை மீட்ட பிறகுதான் பிள்ளைகளால் அப்பா அம்மாவிடம் போய்ச்சேர முடிந்தது. முகாமிலும் ஆசிரியர்கள் பாடத்தையும் ஒழுங்கையும் விடாமல் நடத்தியதை மேரி பின்னாளில் நன்றியோடு பேசினார். அந்த ஆசிரியர்களை நினைத்து நானும் தலைவணங்குகிறேன். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற எரிக் லிடல் அதே முகாமில் இந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டும் வேதமும் கற்றுக்கொடுத்தவர். கருவுற்றிருந்த மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் அவர் 1941இல் கனடாவுக்கு அனுப்பிவைத்திருந்தார். மூன்றாவது மகளின் முகத்தைப் பார்க்காமலே 1945 பிப்ரவரி 21இல் முகாமிலேயே இறந்தார். மற்றவர்களின் பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருந்த மனிதருக்குத் தன் பிள்ளையைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

சீனத்தின் கதவு மிஷனரிகளுக்கு மூடிய பிறகு, மிஷன் தென்கிழக்காசியா பக்கம் திரும்பியது. மலாயாவில் அது கம்யூனிஸ்ட் கிளர்ச்சியின் அவசரகாலம். 1951 அக்டோபர் 6இல் பிரேசர் மலைக்குப் போகும் சாலையில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். லட்சக்கணக்கான சீனர்கள் முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டிருந்தார்கள். சீன மொழி தெரிந்த மிஷனரிகள் அந்தக் கிராமங்களுக்குள் வேலை செய்யப் போனார்கள். கர்னி கொல்லப்பட்ட அடுத்த ஆண்டே அவர்களுடைய பிள்ளைகள் கேமரன் மலை ஏறினார்கள். மலைப்பாதையில் ராணுவ வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. என்ன நம்பிக்கையில் பிள்ளைகளை மேலே அனுப்பினார்கள் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாகவும் இருக்கும், கோபமாகவும் இருக்கும். இரண்டில் எதையும் நான் கைவிடத் தயாரில்லை.

அங்கே படித்தவர்கள் பின்னாளில் எழுதியவற்றிலும் இரண்டும் உண்டு. ஓடையில் விளையாடியதை, காட்டுப்பாதையில் நடந்ததை, வாழ்நாள் முழுக்க விட்டுப்போகாத நண்பர்களைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விடுமுறை முடிந்து பிரிகிற நாளை அறுபது வயதிலும் நினைத்து அழுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே பள்ளி, ஒரே ஜெபக்கூடம். எது யாருக்கு வாய்க்கும் என்று பிள்ளையை ஒப்படைக்கும் நாளில் எந்தப் பெற்றோருக்கும் தெரிந்திருக்காது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை, நமக்கென்ன என்று தள்ளிவிட முடியாது. அனுப்புகிற ஜனமாகத் தமிழர் மாறி நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1902இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கடலின் இந்தியக் கரைக்கு மிஷனரி வேலைக்கு ஆள் அனுப்பியிருந்ததைப் பார்த்தது அவரை உலுக்கியது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1904இல் அதன் முதல் மிஷனரி தோர்ணக்கல் பகுதிக்குப் போனார். தெலுங்கு தேசம் அன்றைய திருநெல்வேலி விசுவாசிக்கு அந்நிய நாடுதான். மொழி வேறு, சாப்பாடு வேறு, ரயிலில் நாள்கணக்கான பயணம். 1909இல் அசரியாவே ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டு அங்கே போனார். 1912 டிசம்பர் 29இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். இந்த ஊழியத்தையெல்லாம் தாங்கியது பணக்காரர் காசோலை என்று நினைக்க வேண்டாம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவந்த பெண்களுக்கும் அதில் பங்கு உண்டு. பிடியரிசிக் காணிக்கை என்றால் எங்கள் பாட்டிமாருக்குத் தெரியும்.

1959இல் தமிழ்நாட்டில் தொடங்கிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு குஜராத்துக்கும் பீகாருக்கும் குடும்பம் குடும்பமாக ஆள் அனுப்பியது. அவர்களுடைய பிள்ளைகள் பலர் டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா விடுதியில் தங்கிப் படித்தார்கள். தமிழில் பேசிய, சோறு சாப்பிட்ட சீஃபூ அது. கேமரன் மலைப் பிள்ளைகளாவது பின்னாளில் ஆங்கிலத்தில் எழுதினார்கள். நம் பிள்ளைகள் தங்கள் விடுதி வருஷங்களைப் பற்றித் தமிழில் எழுதியவை எத்தனை? சாட்சிப் புத்தகங்களில் அப்பாவின் அற்புதங்கள் நிறைய வருகின்றன. மகளின் பக்கத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எழுதினால் ஊழியத்துக்கு இழுக்கு வந்துவிடுமோ என்ற பயம் ஒரு தலைமுறையின் வாயை அடைத்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மலேசியாவில் நாம் சிறு கூட்டம். 2020 கணக்கெடுப்பின்படி நாட்டில் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஒன்பது பேர். பெரும்பகுதி சபா, சரவாக்கில். அதில் தமிழர் இன்னும் சிறிய பங்கு. இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போதகர்கள் வந்திராவிட்டால் தோட்டங்களில் சபையே இருந்திருக்காது. 1907இல் கோலாலம்பூரில் கூடிய லுத்தரன் தமிழ்ச் சபையும் மெதடிஸ்ட் தமிழ்ச் சபைகளும் அந்த வழி வந்தவையே. வாங்கியவர்கள் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் கிடையாது. எங்கள் சபைக் குடும்பம் போவதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

புறப்படுவதற்கு முன் மனைவியின் அம்மாவைப் பார்க்க மலைக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். அவர் இளைய மகனோடு தோட்டத்து வீட்டில் இருக்கிறார். மகன் இன்னும் அங்கே வேலை செய்கிறார். கையால் கொழுந்து கிள்ளியதில் தொடங்கி, பிறகு கத்தரி பிடித்து வெட்டியவர் பாட்டி. இன்று இரண்டு பேர் சேர்ந்து பிடிக்கிற இயந்திரம் சரிவில் நகர்கிறது. அதைப் பிடித்திருப்பவர்களில் நேப்பாளியும் பங்களாதேஷியும் இந்தோனேசியரும் அதிகம். குடும்பத்தைக் கூட்டிவர அவர்களுடைய வேலை பெர்மிட்டில் இடமில்லை. வேலை முடிந்து படியில் உட்கார்ந்து கைப்பேசியில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். லயங்களில் ஆள்தான் மாறியிருக்கிறது.

பாட்டி பிரிஞ்சாங் பாசார் மாலாமில் பேரப்பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வாங்கிவைத்திருந்தார். ஆளுக்கு இரண்டு. ஒன்று அளவானது, மற்றது பெரியது. பேத்தி பெரியதைப் போட்டுப் பார்த்தாள். கை விரல் நுனி வரைக்கும் மூடியது. "பெருசா இருக்கே பாட்டி" என்றாள். "அது அடுத்த வருசத்துக்குமா" என்று சொல்லிவிட்டுக் கழற்றி மடித்தார். மடித்ததையே மறுபடியும் பிரித்து மடித்தார்.

சாமுவேலின் தாய் அன்னாள் செய்ததும் இதுதான். பால் மறந்த பிள்ளையைச் சீலோவில் ஏலியிடம் விட்டுவிட்டு வந்தவள், ஆண்டுதோறும் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போவாள் என்று வேதம் சொல்கிறது. ஒப்புக்கொடுத்தலைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் அன்னாளின் பொருத்தனையை எடுத்துக்கொள்வார்கள். நான் அந்தச் சட்டையை எடுத்துக்கொள்கிறேன். பக்கத்தில் இல்லாத பிள்ளை இந்த ஒரு வருஷத்தில் எவ்வளவு வளர்ந்திருப்பான், தோள் எத்தனை விரல் அகன்றிருக்கும் என்று தாய் மனசுக்குள்ளே அளந்துதானே துணியை வெட்டியிருப்பாள்? கர்த்தருக்குக் கொடுத்த பிறகும் அந்தக் கணக்கு அவள் கையை விட்டுப் போகவில்லை. அதை எழுதிவைத்தவர் அவளுடைய விசுவாசக் குறைவாக அதை எண்ணவில்லை.

ஆபிரகாம் ஈசாக்கைக் கூட்டிக்கொண்டு மோரியாவுக்கு நடக்கிற அதிகாரத்தில் சாராளின் பெயர் ஒரு இடத்திலும் வராது. அடுத்த அதிகாரம் அவளுடைய மரணத்தோடு தொடங்குகிறது. அவளுக்குச் சொல்லப்பட்டதா, அவள் என்ன சொன்னாள் என்பதெல்லாம் எழுதப்படவில்லை. ஆனால் வழியில் பிள்ளை ஒரு கேள்வி கேட்கிறான், விறகு இருக்கிறதே ஆடு எங்கே என்று. கேட்க அனுமதிக்கப்பட்ட பிள்ளை அவன். தகப்பன் அவனை அதட்டவில்லை. புதிய ஏற்பாட்டில் எனக்கு இதைவிடப் பிடித்த காட்சி தீரு பட்டணத்துக் கடற்கரை. பவுல் புறப்படும்போது சீஷர்கள் மனைவி பிள்ளைகளோடு பட்டணத்துக்கு வெளியே வருகிறார்கள். கரையில் எல்லோரும் முழங்கால்படியிடுகிறார்கள். அப்போஸ்தலரை அனுப்புகிற இடத்தில் பிள்ளைகளும் மணலில் முழங்காலிட்டார்கள் என்பதை லூக்கா மறக்காமல் எழுதியிருக்கிறார். நம் வழியனுப்பு ஆராதனைகளில் பிள்ளைகளைப் புதுச்சட்டை போட்டு மேடையில் நிறுத்திப் படம் எடுப்பதோடு சரி.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவருடைய மகள் ஏதோ சமாதானம் சொல்லப்போனார், மூன்று வருஷம்தானே, நடுவில் வந்துபோவோம் என்று. பாட்டி கோபமில்லாமல் சொன்னார்: "போறது கர்த்தர் காரியம். நான் குறுக்க நிக்கமாட்டேன். ஆனா எங்க மாமனாரும் மூணு வருசத்துல வந்துடுறேன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் நாகப்பட்டணத்துல கப்பல் ஏறினாரு. அந்த அம்மா எந்த வருசம் செத்தாங்கன்னுகூட இங்க யாருக்கும் தெரியாது."

மருமகன் பதில் பேசவில்லை. எழுந்துபோய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயணத்துக்குப் பிறகு அவர் செய்தவை எனக்கு முக்கியமாகப்படுகின்றன. மகளைத் தனியே கூட்டிப்போய், "உனக்கு அழைப்பு வரணும்னு ஒண்ணும் அவசியமில்லைமா. நீ எங்க பிள்ளை, அது போதும். அங்க போய் உனக்கு முடியலைன்னா அப்பாகிட்ட சொல்லு, திரும்பி வந்துடலாம்" என்று சொன்னார். சொன்னதை மிஷன் சங்கத்துக்குக் கடிதமாகவும் எழுதினார். பிள்ளைகளைத் தூரத்து விடுதியில் சேர்ப்பதில்லை, தாங்கள் இருக்கும் ஊருக்கு அருகிலேயே படிக்கவைப்போம், அதற்கேற்ற ஊரைத்தான் ஊழியத்துக்கு ஏற்போம், பள்ளி ஆண்டு முடியும்வரை புறப்பாட்டைத் தள்ளிவைக்கிறோம் என்று. சியாங் மாயில் மிஷனரிப் பிள்ளைகளை மனதில் வைத்து நடத்தும் பள்ளிகள் உண்டு. கட்டணம்தான் அதிகம்.

கலப்பையில் கை வைத்த பிறகு திரும்பிப் பார்க்கலாமா என்று எங்கள் மூப்பர்களில் ஒருவர் கேட்டார். கேள்வி அவருடைய பக்தியிலிருந்து வந்தது, அதை மதிக்கிறேன். ஆனாலும் உழுகிறவன் பின்னால் நடந்துவருகிற பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பதைக் கர்த்தர் குற்றமாக எண்ணுவார் என்று நான் நம்பவில்லை. வீட்டையும் பிள்ளைகளையும் தமக்காக விட்டவர்களைப் பற்றிப் பேசிய அதே ஆண்டவர், சீஷர்கள் நடுவே ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியவரும்கூட. முதல் வசனத்தை நாம் மிஷன் கூட்டங்களில் உரத்த குரலில் வாசிக்கிறோம். இரண்டாவதை ஞாயிறு பள்ளிக்கு ஒதுக்கிவிட்டோம்.

பாட்டியின் அந்த வாக்கியத்தைக் காதால் கேட்டு, மகளின் அந்த ஜெபத்தையும் கேட்டு, இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாமல் கொஞ்ச காலம் தவித்து, அதன் பிறகும் போகிற விசுவாசம்தான் போகத் தகுந்த விசுவாசம். கேட்க மறுக்கிற விசுவாசம் இன்னும் ஆயத்தமாகவில்லை. விசா வந்திருக்கலாம், ஆதரவுப் பணம் நிரம்பியிருக்கலாம், ஆனாலும் ஆயத்தமாகவில்லை.

சீஃபூ பள்ளியின் கதவு மூடியதற்கும் இப்படிப்பட்ட பெற்றோர் கூடியது ஒரு காரணம். பிள்ளைகளைத் தம்மோடு வைத்துக்கொள்ள விரும்பினார்கள். வீட்டிலேயே கற்பிக்க வழி வந்தது. ஊழியம் செய்யும் நகரங்களிலேயே பள்ளிகள் வந்தன. மிஷன் சங்கங்களும் இன்று குடும்பத்தின் மனநலத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் விசாரிக்காமல் ஆள் எடுப்பதில்லை. நூறு ஆண்டுப் பாடத்தை மிஷன் சங்கங்கள் படித்துவிட்டன. நம் சபைகளின் வரவுசெலவுக் கணக்கைப் பார்த்தால் நாம் படித்ததாகத் தெரியவில்லை. ஊழியருக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வரி இருக்காது. ஊரில் விட்டுப்போன வயதான தாய் தகப்பனின் மருந்துக்கு இருக்காது. அவற்றுக்கு விசுவாசத்தில் தேவன் பார்த்துக்கொள்வார் என்போம். நம் பங்கை அவர் தலையில் ஏற்றிவிட்டு அதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பது சரியில்லை.

ஆகையால் மலேசியத் தமிழ்ச் சபைகளிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த குடும்பத்தின் மேல் கைவைத்து ஜெபிப்பதற்கு முன், அந்த வீட்டுப் பிள்ளைகளோடு பெற்றோர் இல்லாமல் தனியே பேசுங்கள். பயமாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னால், அதையும் ஜெபக்குறிப்பில் அதே வார்த்தையில் எழுதுங்கள். பள்ளிக் கட்டணத்தையும் ஆண்டுக்கொருமுறை ஊருக்கு வந்துபோகும் விமானச் சீட்டையும் ஆதரவுத் தொகையில் முதல் வரியாகச் சேருங்கள். முடியாமல் திரும்பிவருகிற குடும்பத்தை, தோற்றுப்போனவர்கள் என்ற பார்வை இல்லாமல் அதே பெஞ்சில் உட்காரவையுங்கள். அனுப்பப்படும் ஒவ்வொரு குடும்பத்துக்குப் பின்னாலும் அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பாட்டி போன்ற ஒருவர் இருக்கிறார். மாதம் ஒருமுறை யாராவது போய்ப் பாருங்கள். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு மலையேற ஒன்றரை மணி நேரம் போதும்.